முள் நடுவில் நின்றது

புத்தகங்களைப் பற்றியே எழுதிவரும் நண்பர்கள் நடுவே, கார் ரேடியேட்டரின் விசிறியைப் பற்றி எழுத முனைந்திருக்கிறோம். பொறுத்தருள வேண்டுகிறோம். ‘நாம்’ என்று எழுதுவதையும் சேர்த்தே பொறுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பறையில் “சென்ற வகுப்பில் நாம் பார்த்தது” என்று தொடங்கியே பழகிவிட்டது. சொந்தக் கதையைச் சொல்லப் போனாலும் அச்சொல்லே முந்திக்கொண்டு வருகிறது. (“நாம சாப்பிட்டாச்சு” என்றால், “யாரு யாரு?” என்று மனைவி கேட்பதுண்டு.)

2022ஆம் ஆண்டுப் புரட்டாசி, இரண்டாம் சனிக்கிழமை. தந்தையாருக்குக் குச்சனூர் போக வேண்டும். நம் சாதகத்தில் ஏழரைச் சனி நடக்கிறதாம். சுயம்புச் சனீசுவரருக்கு எள் விளக்கு ஏற்ற வேண்டும் என்று ஓராண்டாகவே சொல்லிக்கொண்டிருந்தார். நமக்குச் சனிக்கிரகத்தின்மேல் பயமும் இல்லை, பக்தியும் இல்லை. சங்கப் பாடலில் அதற்கு மைம்மீன் என்று பெயர் வருவதும், சனைச்சரன் என்னும் வடசொல்லுக்கு மெல்லச் செல்பவன் என்று பொருள் என்பதும், ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர அதற்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு ஆகிறது என்பதும்தான் நமக்குத் தெரிந்தவை. ஆனால் எழுபத்தாறு வயதில் ஒருவர் தமக்கென்று எதையும் கேட்காமல் மகனுக்காக விளக்கேற்றப் போகலாம் என்று கேட்கும்போது, பெயர்ச்சொல் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க முடியாது. போனோம்.

நம்முடைய கார் 2008ஆம் ஆண்டில் வந்த சிறிய பெட்ரோல் கார். இரண்டாம் கையாக வாங்கியது. அதைப் பற்றித் தந்தையார் பத்து நாட்களுக்கு முன்பே ஒரு செய்தி சொல்லியிருந்தார். காலையில் திண்ணையில் அமர்ந்திருப்பவர் அவர். வண்டி நிற்கும் இடம் அவர் கண்ணெதிரே. “தம்பி, வண்டிக்கடியில ஈரம் இருக்கு, பாத்தியா?” என்றார். நாம் விடைத்தாள் கட்டோடு புறப்பட்டுக்கொண்டிருந்தோம். “ஏசித் தண்ணிப்பா, எல்லா வண்டியிலயும் சொட்டும்” என்றோம். மறுநாளும் சொன்னார். “ஏசித் தண்ணி பச்சையாவா இருக்கும்?” என்று கேட்டார். அவர் மனம் ஆறட்டும் என்று பானெட்டைத் திறந்து, பக்கத்தில் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலைப் பார்த்தோம். குறியளவுக்குக் கூலன்ட் இருந்தது. “பாருங்க, நிறைய இருக்கு” என்று காட்டி மூடிவிட்டோம். அதன்பின் அவர் சொல்லவில்லை.

வீரபாண்டி வழியாகச் சின்னமனூர் சென்று திரும்பினால் குச்சனூர். இந்தப் பக்கத்து வயல்களைப் பார்த்தாலே கண் குளிரும். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாற்று அணை கிழக்கே திருப்பிவிட்ட நீர். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்த நீரை நம்பியிருக்கிறது. புரட்டாசிக்கே உரிய, பொன்னுருகக் காயும் வெயில். தந்தையாருக்கு ஏசி ஆகாது, சளி பிடிக்கும். ஆகவே கண்ணாடிகளை இறக்கிவிட்டே ஓட்டினோம். நெடுஞ்சாலையில் காற்று நன்றாக வந்தது. நமக்கு மட்டுமன்று, ரேடியேட்டருக்கும்தான். வண்டி ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். மின்விசிறிக்குப் பெரும்பாலும் வேலை இருக்காது. நிற்கும்போதும் ஊரும்போதும்தான் விசிறி வேண்டும்.

ஊர் எல்லையிலேயே ஊரத் தொடங்கிவிட்டோம். சனிக்கிழமைக் கூட்டம். வேன்கள், ஷேர் ஆட்டோக்கள், எள்ளும் கறுப்புத் துணியும் நல்லெண்ணெயும் மண் காகமும் விற்போர். முதல் கியரில் பத்தடி, பிறகு நிறுத்தம், மறுபடி பத்தடி. கால்மணி நேரம் இப்படியே கழிந்தது. அப்போது தந்தையார், “தம்பி, ஏதோ வெல்லப்பாகு காயிற மாதிரி வாசம் வருது” என்றார். “கடையில ஏதோ பலகாரம் போடுறாங்கப்பா” என்றோம். (கூலன்டில் இருக்கும் கிளைக்காலுக்கு இனிப்பு வாசம் உண்டு. பின்னர்தான் தெரிந்துகொண்டோம்.) வெப்பத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்தோம். எப்போதும் நிற்கும் நடுக்கோட்டிலேயே நின்றது. அந்த முள்ளின் தைரியத்தில் இன்னும் இரண்டு பத்தடி போனோம். பானெட்டின் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது.

ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்திப் பானெட்டைத் தூக்கினோம். ரேடியேட்டருக்குப் பின்னே இரண்டு விசிறிகள்: ஒன்று ரேடியேட்டருக்கு, மற்றொன்று ஏசிக்கு. இரண்டும் அசையவில்லை. எஞ்சின் கொதிக்கிறது, விசிறி ஓடவில்லை. ஆக விசிறி கெட்டுவிட்டது. இதைவிடத் தெளிவான தருக்கம் வேறு உண்டா? சுற்றி நின்றவர்களும் அதையே சொன்னார்கள். ஒருவர் மோட்டார் போயிற்று என்றார், ஒருவர் ஃப்யூஸ் என்றார். எண்ணெய் விற்ற அம்மாள், “சாமி பாக்காமத் திரும்பிப் போயிடாதீக, அவருதான் நிப்பாட்டியிருக்காரு” என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ரேடியேட்டர் மூடியில் கைவைத்தோம்.

பின்னாலிருந்து தந்தையார் நம் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். எழுபத்தாறு வயதுக் கையில் அத்தனை வலு இருக்கும் என்று நாம் எண்ணியதில்லை. பிள்ளைப் பருவத்துக்குப் பிறகு அவர் நம்மைக் கைப்பிடித்து இழுத்தது அன்றுதான். “வெந்துபோவ” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த மூடி வெறும் மூடி அன்று. காற்று மண்டலத்தின் அழுத்தத்துக்கு மேல் ஏறத்தாழ இன்னொரு மடங்கு அழுத்தத்தை அது உள்ளே அடக்கி வைத்திருக்கிறது. அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலையும் கூடும். நூறு டிகிரியைத் தாண்டியும் உள்ளே நீர் நீராகவே இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விட, அவ்வளவும் ஒரே நேரத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும். வெளியே ஆவி வந்துவிட்டதால் உள்ளே ஒன்றுமில்லை என்று நினைப்பது பெரும் பிழை.

மனைவி விளக்கேற்றும் பொருட்களை எடுத்துக்கொண்டு, “மாமா, நீங்களும் வாங்க, அவரு பாத்துக்கிடுவாரு” என்று அழைத்தாள். யாருக்காக வந்தாரோ அந்த விளக்கைக்கூட மருமகளையே ஏற்றச் சொல்லிவிட்டு, வண்டியருகே புளியமர நிழலில் உட்கார்ந்துவிட்டார். “சூடு ஆறணும். பச்சத்தண்ணிய மேல ஊத்திராத, எஞ்சின் வெடிச்சுப்போகும்” என்று மட்டும் சொன்னார்.

எண்ணெய் அம்மாளின் கைப்பேசி வழியாகச் சின்னமனூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து சேர்ந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். இருசக்கர வண்டியில் ஒரு பை. அதில் ஸ்பேனர்கள், கொஞ்சம் ஒயர், பல்பில் இரண்டு ஒயர் கட்டிய டெஸ்ட் லாம்ப். “ஃபேன் மோட்டார் மாத்தணும் தம்பி” என்று நாமே நோயைச் சொல்லி மருந்தையும் சொன்னோம். அவர் பானெட்டுக்குள் பார்த்தபடியே, “பாப்போம் சார்” என்றார்.

அவர் செய்த சோதனைகளை வரிசையாகச் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதியதே அதற்காகத்தான். முதலில் பேட்டரிக்குப் பக்கத்திலுள்ள ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தார். விசிறிக்கென்று 30 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று உண்டு. டெஸ்ட் லாம்பை அதன் இருமுனையிலும் வைத்துப் பார்த்தார். இருமுனையிலும் பல்பு எரிந்தது. ஃப்யூஸ் நலம். அடுத்து ரிலே. விசிறி மோட்டார் மிகுதியான மின்சாரம் இழுப்பது. எஞ்சினின் கம்ப்யூட்டர் நேரடியாக அதைத் தர இயலாது. ஆகவே அது ஒரு சிறிய சைகையை ரிலேக்கு அனுப்பும், ரிலே பெரிய வாயிலைத் திறந்துவிடும். நம் வண்டியில் ஹாரனுக்கும் அதே வகை ரிலேதான். இரண்டையும் மாற்றிச் செருகி, “ஹாரன் அடிங்க சார்” என்றார். அடித்தோம். புளியமரத்துக் காகங்கள் எழுந்தன. விசிறியின் ரிலே ஹாரனை ஒலிக்கச் செய்கிறதென்றால் ரிலேயும் நலம். மூன்றாவதாக, மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர்களை நேரே கொடுத்தார். விசிறி சுழன்று காற்று முகத்தில் அடித்தது. தந்தையார் நிழலிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

“மோட்டார் நல்லாத்தான இருக்கு” என்றார் தந்தையார்.

“ஆமாந்தாத்தா. இன்னும் ஒண்ணு பாக்கணும்.”

அந்த நான்காவது சோதனை நமக்கு வியப்பளித்தது. எஞ்சினின் மேற்பகுதியில், ரேடியேட்டருக்கு நீர் போகும் வாயருகே, பித்தளைத் திருகாணி போல ஒரு சென்சார் இருக்கிறது. உள்ளே ஓடும் நீரின் வெப்பத்தை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் பணி. சாவியை ஒருபடி திருப்பச் சொல்லிவிட்டு, அந்தச் சென்சாரின் இணைப்பைப் பிடுங்கினார். யாரும் தொடாமலே விசிறி தானாக ஓடத் தொடங்கியது! செய்தியே வராவிட்டால் கம்ப்யூட்டர் விபரீதம் என்று கருதி, பாதுகாப்புக்காக விசிறியை ஓட்டிவிடுமாம். (எல்லா வண்டிகளிலும் இப்படி ஆகும் என்று கொள்ள வேண்டா. கம்ப்யூட்டர் இல்லாத பழைய வண்டிகளில் ரேடியேட்டரிலேயே ஒரு வெப்பச் சுவிட்சு இருக்கும். அதன் இரண்டு ஒயரையும் இணைத்துப் பார்ப்பார்கள்.) இணைப்பை மறுபடி செருகினார். விசிறி நின்றது.

ஃப்யூஸ் சரி, ரிலே சரி, மோட்டார் சரி, ஒயர் சரி, கம்ப்யூட்டரும் சரி. “அப்படியானால் சென்சார்தான் கெட்டது” என்றோம். தேர்வில் நான்கு விடையில் மூன்றை அடித்துவிட்டால் மிஞ்சியதுதானே விடை. மெக்கானிக் பதில் சொல்வதற்குள் தந்தையார் பேசினார்.

“தண்ணி இல்லாத எடத்துல வெரல வச்சா சூடு எப்படித் தெரியும்?”

மெக்கானிக் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். “அதான் தாத்தா. நானும் அதத்தான் நெனச்சேன்.”

விளங்கிக்கொள்ள நமக்குச் சற்று நேரம் பிடித்தது. நீர் குறைந்துபோய், சென்சார் இருக்கும் மேற்பகுதி வெற்றிடமாகிவிட்டது. சென்சார் நீரில் முழுகி இருந்தால்தான் நீரின் சூட்டை அறியும். காற்று, நீரைப் போலச் சூட்டைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. கீழே எஞ்சிய நீர் கொதித்துக்கொண்டிருக்க, மேலே சென்சார் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. முள்ளும் அதன் பேச்சைத்தான் கேட்டது. விசிறியும் அதன் பேச்சைத்தான் கேட்டது. விசிறிக்கு யாரும் செய்தி சொல்லவில்லை.

“பாட்டிலில் இருந்ததே!” என்றோம். பாட்டிலில் இருப்பதைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது என்றார் மெக்கானிக். எஞ்சின் ஆறும்போது ரேடியேட்டர் பாட்டிலிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். ஆனால் வேறெங்கோ ஓட்டை இருந்தால் அந்த வழியே காற்றைத்தான் உறிஞ்சும். பாட்டில் நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டிருக்கும். வண்டி நன்றாக ஆறியிருக்கும் காலையில் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பது ஒன்றே வழி.

சூடு ஆறுவதற்கு முக்கால்மணி நேரம் ஆகும் என்றார். மூவரும் மரத்தடியில் அமர்ந்தோம். வெரல் என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று அப்பாவைக் கேட்டோம். ஏதோ பாடபேதம் கேட்பதுபோல் இருந்திருக்க வேண்டும்; அவர் சிரித்தார்.

நம் கிணற்றில் கரண்ட் மோட்டார் வருவதற்கு முன் ஆயில் எஞ்சின் இருந்தது. அது இறைக்கும் நீரிலேயே ஒரு சிறு குழாயைப் பிரித்து எஞ்சினைச் சுற்றி ஓடவிட்டிருப்பார்கள். குளிர்ந்து உள்ளே போகும் நீர், சூட்டை வாங்கிக்கொண்டு மறுபுறம் வெளியே விழும். ரேடியேட்டரும் கிடையாது, விசிறியும் கிடையாது, முள்ளும் கிடையாது. வெளியே விழும் நீரில் விரலை வைத்துப் பார்ப்பார் தந்தையார். விரல் பொறுத்தால் எஞ்சின் நலம். பொறுக்காவிட்டால் குழாயில் அடைப்பு. அந்த வெந்நீரில் மார்கழிக் காலைகளில் நாம் குளித்திருக்கிறோம். அது நினைவிருக்கிறது. அவர் விரல் வைத்துப் பார்த்தது நினைவில் இல்லை. “தண்ணியே விழுகாம நின்டா இன்னும் மோசம். அப்ப வெரல வச்சா ஒண்ணுந் தெரியாது. சத்தத்த வச்சுத்தேன் கண்டுபிடிக்கணும்” என்றார். மெக்கானிக் அதைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். தாம் ஆயில் எஞ்சினைப் பிரித்துப் பார்த்ததே இல்லை என்றும், வால்வு எப்படி இருக்கும் என்றும் கேட்டார். மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினார் தந்தையார்.

அவருடைய இடது முன்கையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு தழும்பு உண்டு. நமக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது இருக்கிறது. பிறவியிலேயே வந்ததுபோல் பழகிவிட்டோம். மெக்கானிக் கேட்டார்: “இதென்ன தாத்தா, ரேடியேட்டரா?” ஆமாம் என்றார். நாம் கைக்குழந்தையாக இருந்தபோது, வாடகை டிராக்டர் ஒன்று நம் வயலில் சூடாகி நின்றதாம். டிரைவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் இவர் மூடியைத் திறந்திருக்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கையோடு போயிற்று. வந்து கால்மணி நேரம் ஆன பையன் கேட்டதை, நாற்பத்தாறு ஆண்டுகளாக நாம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒருவேளை சொல்லியும் இருக்கலாம்.

மனைவி திரும்பி வந்தாள். நெற்றியில் மஞ்சள், கையில் எள் சாதம். சுயம்பு மூர்த்திக்கு மஞ்சள் காப்பு சாத்தியிருந்ததையும், சோணைக் கருப்பண்ணசாமிக்கு மது பாட்டில் படைத்திருந்ததையும் சொன்னாள். நால்வரும் எள் சாதம் உண்டோம். குச்சுப்புல்லால் வேய்ந்த குடிலில் தொடங்கிய கோயில் என்பதால் ஊருக்குக் குச்சனூர் என்று பெயர் என்பார்கள் என்றோம். ஒருவரும் கவனிக்கவில்லை. மெக்கானிக்கும் தந்தையாரும் ஹோஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு தடித்த துணியை மூடிமேல் போட்டு, பாதி திருகி, சீறல் அடங்கும்வரை காத்திருந்து, முழுதும் திறந்தார். உள்ளே நீர் கண்ணுக்கே தென்படவில்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். நம் வயிறு கலங்கியது அப்போதுதான். நீர் ஆயிலில் கலந்திருந்தால் அது பால் ஊற்றிய டீ நிறத்துக்கு மாறியிருக்கும். ஹெட் கேஸ்கெட் போயிற்று என்று பொருள். எஞ்சினைப் பிரிக்க வேண்டும். ஆயில் தெளிவாகவே இருந்தது. ஒழுகிய இடத்தைத் தந்தையார்தான் முதலில் கண்டார்: கீழ் ஹோஸ் ரேடியேட்டரில் சேருமிடம். கிளிப் துருவேறித் தளர்ந்திருந்தது. அதன் கீழே பச்சைக் கறை. ஹோஸின் வெடித்த நுனியை இரண்டு விரல் அளவு அறுத்துவிட்டு, புதுக் கிளிப் போட்டு முறுக்கினார் மெக்கானிக்.

நீரூற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. மடமடவென ஊற்றினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். சென்சார் மறுபடி காற்றில்தான் நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டர் குமிழை முழுச்சூட்டுக்குத் திருப்பி, மேல் ஹோஸைப் பிசைந்து பிசைந்து விட வேண்டும். பிசைந்தவர் தந்தையார், பால் கறப்பதுபோல் பிசைந்தார். குமிழி குமிழியாகக் காற்று வந்தது. குமிழி நின்று, நீர் மேலும் இறங்காது என்றானபின் மூடியைப் போட்டு முறுக்கினார்கள். மூன்று லிட்டருக்குமேல் உள்ளே போயிருந்தது. வெறுந்தண்ணீர் ஊர் போய்ச் சேரும்வரைக்கும்தான், திங்களன்று கூலன்ட் கலந்துவிட வேண்டும் என்றார் மெக்கானிக்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஏசியைப் போட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஏசி போட்டால் விசிறி எப்படியும் ஓடும். சென்சார் சொல்லி ஓடுகிறதா என்பது தெரியாது. நான்கு பேரும் விசிறியைப் பார்த்தபடி நின்றோம். எண்ணெய் அம்மாளும் வந்து நின்றார். முள் நடுக்கோட்டுக்கு வந்தது, சிறிது தாண்டியது. தொண்ணூற்றைந்து டிகிரியை ஒட்டி ஓட வேண்டும். நாம் முள்ளைப் பார்க்க, தந்தையார் மேல் ஹோஸின்மேல் கைவைத்து, “வருது, வருது” என்றார். ‘டக்’கென்று ரிலே சொடுக்கியது. விசிறி ஓடியது. எண்ணெய் அம்மாள் கோயிலிருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். ஒன்றரை நிமிடம் ஓடி நின்றது. நான்கைந்து நிமிடம் கழித்து மறுபடி ஓடியது.

மெக்கானிக் முந்நூறு ரூபாய் கேட்டார். தந்தையாரின் ஊரையும் வீட்டையும் விசாரித்துக்கொண்டார். ஆயில் எஞ்சின் இன்னும் இருக்கிறதா என்றும் கேட்டார். மாட்டுக்கொட்டத்தில் கிடக்கிறது என்றார் தந்தையார். அதுவும் நமக்குத் தெரியாது, விற்றுவிட்டதாகவே எண்ணியிருந்தோம்.

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், இரண்டு இடத்தில் நிறுத்திப் பார்த்து, பொழுதுசாய வீடு வந்தோம். ஞாயிறு முழுதும் வண்டியை எடுக்கவில்லை. திங்கட்கிழமை கல்லூரிக்கு ஏசி போட்டுக்கொண்டே போய், மாலையில் தேனியில் கூலன்ட் மாற்றிக்கொண்டு வந்து நிறுத்தினோம். நாம் செருப்பைக் கழற்றுவதற்குள் தந்தையார் பழைய நாளிதழ் ஒன்றை விரித்து வண்டிக்கடியில் செருகிவிட்டார். பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் கல்.

மறுநாள் விடிந்ததும் திண்ணைக்குப் போனோம். நாளிதழ் அவர் மடியில் இருந்தது. ரேடியேட்டருக்கு நேரே வரும் பக்கம் காய்ந்திருந்தது. ஓரத்தில் மட்டும் ரூபாய் அகலத்துக்கு ஒரு வட்டம். விரலால் தொட்டு, முகர்ந்து, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார்.

“இது ஏசித் தண்ணிதேன்” என்றார்.